ஸ்காபரோவில வீடு தேட முதல்: எந்த ஏரியா பாதுகாப்பு எண்டு எப்பிடிப் பாக்கிறது

ரொறன்ரோவுக்குப் புதுசா வந்து, நகரத்தின்ர கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில அறை தேடுற ஆக்களுக்கு நாலு பேர் நாலு விதமாச் சொல்லுவினம், மல்வேர்ன் பக்கம் போகாதேங்கோ, கல்லோவே றோட்டில இரவு நடக்கேலாது, மார்க்கம் றோட்டு-எக்லிங்டன் சந்தி சரியில்ல எண்டு. இந்தக் கெட்ட பேர் சும்மா வரேல்ல. 90களின்ர கடைசியில எங்கட பெடியளே ரெண்டு கோஷ்டியாப் பிரிஞ்சு சண்டை பிடிச்சவை, 2001ல பொலிஸ் ஒரே வீச்சில கனபேரைப் பிடிச்சது, 2004ல மல்வேர்னில இன்னொரு கோஷ்டியையும் அப்பிடித்தான் வளைச்சவை. பேந்து 2012 ஜூலையில டான்சிக் தெருவில அயலட்டை எல்லாம் கூடி நிண்ட ஒரு விருந்தில துவக்கால வெடி வச்சு 2 பேர் செத்து, 20க்கு மேல ஆக்கள் காயப்பட்டவை. அதெல்லாம் நடந்ததுதான். ஆனா அந்தப் பழைய பயத்தை வச்சு இண்டைக்கு வாடகை கூடின இடத்துக்கு ஓடிப்போய் மாசாமாசம் கடன்படுற குடும்பங்களைப் பாக்கேக்க மனவருத்தமா இருக்கு.

ஆக்களின்ர கதையை விட்டுட்டு நீங்களே பாருங்கோ. ரொறன்ரோ பொலிஸ் 2014ல இருந்து நடந்த குற்றங்களை வரைபடத்தோட இணையத்தில போட்டு வச்சிருக்கு, ஒரு காசும் இல்ல, போனிலயே பாக்கலாம். நகரத்தை 158 அயலாப் பிரிச்சு ஒவ்வொண்டிலயும் அடிதடி, வழிப்பறி, வீடுடைப்பு, கார் களவு, 5000 டொலருக்கு மேற்பட்ட களவு எண்டு தனித்தனியா இருக்கும். இதில ஒரு விசயம் வடிவா விளங்கிக்கொள்ளோணும்: வீதம் எண்டு போடுறது அங்க குடியிருக்கிற ஒரு லட்சம் பேருக்கு எத்தனை எண்ட கணக்கு. டவுன்ரவுனில யங்-பே பக்கம் மாதிரி, பகலில வேலைக்கும் கடைக்கும் எண்டு சனம் வந்து குவியிற இடத்தில குடியிருக்கிறவை குறைவு, அதால வீதம் பயங்கரமாத் தெரியும். பெரிய மோல் இருக்கிற இடமும் அப்பிடித்தான், கடைக்குள்ள நடக்கிறதெல்லாம் அந்த அயலின்ர கணக்கில ஏறும். அதோட வரைபடத்தில புள்ளி விழுந்த வீட்டுக்குள்ளதான் சம்பவம் நடந்தது எண்டு நினைக்காதேங்கோ, அந்த வீட்டாக்களின்ர பாதுகாப்புக்காகக் கிட்ட உள்ள சந்திக்குத் தள்ளித்தான் புள்ளி வைக்கினம்.

வடக்கால ஸ்ரீல்ஸ் றோட்டைத் தாண்டினா மார்க்கம் நகரம், அது யோர்க் பிராந்தியப் பொலிஸ். ஏஜக்ஸ் எண்டா டூரம் பொலிஸ். ரொறன்ரோ வரைபடத்தில மார்க்கத்தில ஒண்டுமில்ல எண்டு பாத்திட்டு அங்க களவே இல்லையாம் எண்டு சொல்லுறவையை நம்பாதேங்கோ, அது வேற ஆக்களின்ர கணக்கு.

சரி, புதுசா வாறவைக்கு உண்மையா நட்டம் எங்க வருது எண்டா, அது துவக்குக் கோஷ்டியால இல்ல. முதலாவது கார். சாவி போடாமல் பட்டன் அமத்தி ஸ்ராட் பண்ணுற ரொயோட்டா, லெக்ஸஸ், ஹொண்டா எல்லாம் கள்ளருக்கு நல்ல விருப்பம், வீட்டு வாசலடியில திறப்பைக் கொழுவி வச்சா வெளியில நிண்டே அதின்ர சிக்னலைப் பிடிச்சுக் காரைக் கொண்டு போயிடுவாங்கள், அதில கனக்க மொன்ரியல் துறைமுகத்தால கப்பலேறிப் போறது. திறப்பை சிக்னல் போகாத சின்னப் பையில போட்டு வாசலுக்குத் தூரமா வையுங்கோ, ஸ்ரியறிங் பூட்டும் ஒண்டு வாங்குங்கோ. ஒன்ராறியோவில கார் இன்சூரன்ஸ் போஸ்டல் கோட்டைப் பாத்தும் போடுறது, ஸ்காபரோவில கூடத்தான் வரும், வீடு எடுக்க முதலே விலை கேட்டு வையுங்கோ.

ரெண்டாவது நகை. இதை அம்மா, அம்மம்மாவுக்குக் கட்டாயம் சொல்லிக் குடுக்கோணும். றோட்டோரம் நடந்து போகேக்க கார் வந்து நிக்கும், உள்ள இருக்கிற பொம்பிளை அட்ரஸ் கேப்பா, இல்லாட்டி எங்கட அம்மா மாதிரி இருக்கிறியள் எண்டு கட்டிப்பிடிச்சுப் பொய் நகையைக் கழுத்தில போட்டுவிட்டு, உங்கட தாலிக்கொடியைக் கழட்டிக்கொண்டு போயிடுவா. ரொறன்ரோ, யோர்க், பீல் எல்லாப் பொலிஸும் திருப்பித் திருப்பிச் சொல்லுற களவு இது. காருக்குக் கிட்டப் போகக்கூடாது, தொட விடக்கூடாது, அவ்வளவுதான்.

மூண்டாவது போன். வரித் திணைக்களத்தில இருந்து கதைக்கிறம், இப்பவே கிஃப்ட் கார்ட் வாங்கி நம்பர் சொல்லு, இல்லாட்டி பிடிச்சு அனுப்புவம் எண்டா உடனே வையுங்கோ. எந்த அரசாங்கமும் கிஃப்ட் கார்டில வரி வாங்கிறேல்ல. வாடகையிலயும் இப்பிடித்தான், வீட்டை நேரில பாக்காமல் ஈ-ட்ரான்ஸ்ஃபர் போடாதேங்கோ. சட்டப்படி முற்பணமாக் கடைசி மாச வாடகையை வாங்கலாம், சேதத்துக்கெண்டு டிப்பொசிட் கேக்கேலாது.

இனி ஆரும் பெரிசாக் கதைக்காத ஒண்டு, றோட்டு. லோரன்ஸ், எக்லிங்டன், ஃபிஞ்ச் எல்லாம் நல்ல அகலம், சிக்னலுக்கும் சிக்னலுக்கும் கனதூரம், பஸ் வருகுதெண்டு நடுவால பாஞ்சு ஓடி ஆக்கள் அடிபடுறதும் உண்டு, இந்த நகரத்தில அடிபட்டுச் சாகிற பாதசாரிகளில கூடுதலானவை வயசு போனவை. நவம்பரில மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளினாப் பிறகு அஞ்சு மணிக்கே இருட்டு, கறுப்பு ஜக்கெட் போட்டா டிரைவருக்குத் தெரியாது. இரவு 9க்குப் பிறகு தனிய பஸ்ஸில வாறியள் எண்டா ஸ்டொப்புக்கு இடையில வீட்டுக்குக் கிட்ட நிப்பாட்டச் சொல்லி டிரைவரைக் கேக்கலாம், ரிரிசியில, அதுதான் ரொறன்ரோ பஸ் ஓடுற நிறுவனத்தில, அதுக்கு ஒரு திட்டமே இருக்கு.

பேஸ்மென்ட் எடுக்கிறவை குற்ற வரைபடத்தை விடக் கூரையைப் பாருங்கோ. புகை அலாரம் இருக்கோ, நெருப்பெண்டா வெளியேற ஆள் புகக்கூடிய யன்னலோ ரெண்டாவது வாசலோ இருக்கோ? ஒவ்வொரு மாடியிலயும் புகை அலாரம் வேணும் எண்டது ஒன்ராறியோ சட்டம், அதைப் போட்டுத் தரவேண்டியது வீட்டுக்காரர்தான். கேக்க வெக்கப்படாதேங்கோ.

கடைசியா, அகதி வழக்கு முடியேல்ல எண்டு களவு போயும் அடி வாங்கியும் வாய் திறக்காமல் இருக்கிறவை எங்கட சனத்துக்குள்ள கனபேர். பாதிக்கப்பட்ட ஆளிட்டயும் சாட்சியிட்டயும் தக்க காரணம் இல்லாமல் குடிவரவு நிலை கேக்கக்கூடாது எண்டது ரொறன்ரோ பொலிஸின்ர விதி. உயிருக்கு ஆபத்தெண்டா 911, எடுத்த உடனே "டமில்" எண்டு சொன்னா மொழிபெயர்ப்பாளரைப் போனில சேப்பினம். காரைக் காணேல்ல, வீடு உடைச்சிட்டாங்கள், கள்ளன் போயிட்டான் எண்டா, ரொறன்ரோ பொலிஸின்ர அவசரமில்லாத நம்பர் 416-808-2222. அந்த நம்பரை இப்பவே போனில சேவ் பண்ணுங்கோ, வீட்டில இருக்கிற வயசான ஆக்களின்ர போனிலயும்.