பங்குனியில் பார்த்த நிலம்: சோலார் பிளாண்ட் திட்டத்தை ஆய்வு செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டம் தோவாளை தாலுகாவின் கிழக்கு ஓரத்துப் புஞ்சைகளைப் பார்த்தால் சோலார்காரர்களுக்கு ஆசை வரத்தான் செய்யும். வெயில் உண்டு, மரம் குறைவு, காத்தாடிகளுக்காக, அதாவது காற்றாலைகளுக்காக, இழுத்த மின்கம்பி தலைக்கு மேலேயே போகிறது. ஒரு மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் போதும். புதிதாக ஆய்வுக்கு இறங்குகிறவர்கள் பட்டா, வில்லங்கம், மூலப்பத்திரம் எல்லாவற்றையும் ஒழுங்காகவே பார்த்துவிடுகிறார்கள். அவர்கள் சறுக்குவது வேறு இடங்களில்.

ஓடையைக் காணாமல் விடுவது

ஆய்வு மாசியிலோ பங்குனியிலோதான் நடக்கும். தரை காய்ந்து வெடித்துக் கிடக்கும். அறிக்கையில் நீர்நிலை என்ற கட்டத்துக்கு நேரே 'ஏதுமில்லை' என்று எழுதிவிட்டுக் காரில் ஏறிவிடுவார்கள். ஐப்பசியில் அதே இடத்தில் முழங்கால் தண்ணீர் ஓடும். அரைநாள் நடந்தால் தெரிந்துவிடுகிற விஷயம் இது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் எரிச்சல் வருகிறது.

இந்தப் பக்கத்துக் குளங்கள் எல்லாவற்றுக்கும் கோதையாற்றுக் கால்வாய்த் தண்ணீர் வந்துவிடுவதில்லை. மலையடிவாரத்திலிருந்து ஓடைவழி இறங்கும் மழைவெள்ளத்தை நம்பியே பல குளங்கள் இருக்கின்றன. அந்த ஓடைகளில் ஆண்டின் பாதி நாள் தூசிதான். ஜேசிபி ஒரே நாளில் அதைத் தூர்த்துச் சமப்படுத்திவிடும், அதன்மேல் ஹாலோ பிளாக் மதிலும் எழும்பும். முதல் பெருமழையில் மேட்டுப்பக்கம் தண்ணீர் கட்டும். மதிலின் அடிமண் அரித்துச் சுவர் சாயும், அல்லது வெள்ளம் பக்கத்து வாழைக்குள் திரும்பும். கீழே குளத்துக்கு வரத்து நின்றுபோயிருக்கும். கும்பப்பூ நெல் சாகுபடிக்கு மடை திறக்க வந்தவர் சகதியைப் பார்த்துவிட்டு நேரே பிளாண்ட் வாசலுக்கு வருவார். அதன் பிறகு மறியல், வருவாய்க் கோட்டாட்சியர் விசாரணை, வழக்கு.

சுற்றுச்சூழல் அனுமதியில் இதை யாராவது பார்த்திருப்பார்கள் என்று நினைத்தால் அதுவும் இல்லை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சோலார் பேனல் நிலையங்களுக்குப் பொருந்தாது. ஊர்மட்டத்தில் ஆய்வு செய்கிறவர் பார்க்காவிட்டால் வேறு யாரும் பார்க்கப் போவதில்லை.

காகிதத்தில் முதலில் சர்வே எண்ணின் அளவு வரைபடமான புலப்படத்தை, அதாவது எஃப்எம்பியை, எடுங்கள். உங்கள் சர்வே எண்ணுக்கு மட்டும் எடுத்தால் போதாது. மேட்டிலும் பள்ளத்திலும் ஒட்டிய எண்களுக்கும் எடுத்துக் கிராம வரைபடத்தோடு பொருத்திப் பாருங்கள். ஓடைக்குத் தனி எண் இருந்தால் கிராம நிலக்கணக்கான அ-பதிவேட்டில் புறம்போக்கு என்று இருக்கும், அது சுலபம். பட்டா நிலத்துக்குள்ளேயே இரட்டைக் கோடாக ஓடும் ஓடைதான் ஆளை ஏமாற்றும். பட்டாவில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

பிறகு நடக்க வேண்டும். ரோட்டிலிருந்து தொடங்குங்கள். நிலத்தை ஒட்டிய ரோட்டில் ஒரு கலுங்கு, அதாவது அடியில் தண்ணீர் போகும் சிறு பாலம், இருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். தண்ணீர் வராத இடத்தில் யாரும் காசு போட்டுக் கலுங்கு கட்டுவதில்லை. அதன் வாயிலிருந்து மேட்டை நோக்கி ஏறுங்கள். வேலிக்கம்பியில் ஒரே உயரத்தில் சிக்கிய சருகு, உருண்டு தேய்ந்த கூழாங்கல், வரிசையாக நிற்கும் கோரை, சுற்றிலும் செம்மண்ணாக இருக்க நடுவில் ஒரு பட்டை மட்டும் வெள்ளை மணல், இவையெல்லாம் ஓடையின் அடையாளங்கள். ஆடு மேய்க்கிறவரிடம் மழையில் எந்த இடத்தில் ஆடு தாண்டாது என்று கேளுங்கள், விரல் நீட்டிக் காட்டுவார். அங்கிருந்து இறங்கிக் குளத்தில் மிகுந்த தண்ணீர் வெளியேறும் மறுகால் வரை போய்ப் பாருங்கள். அரை மீட்டர் இடைவெளியில் காண்டூர் வரைபடம், அதாவது மேடுபள்ளத்தைச் சம உயரக் கோடுகளால் காட்டும் படம், கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழைக்கு மறுநாள் இன்னொரு முறை போங்கள்.

கணக்கும் கடினமில்லை. ஐந்து ஏக்கரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 10 லட்சம் லிட்டர். இது நிலத்துக்குள் விழுவது மட்டும். மேட்டிலிருந்து வருவது இதைப்போலப் பல மடங்கு இருக்கலாம். வழிவிடுகிறோம் என்று 30 சென்டிமீட்டர் ஹியூம் பைப் (கான்கிரீட் குழாய்) ஒன்றை மதிலுக்கு அடியில் வைப்பார்கள். முதல் வெள்ளத்திலேயே சருகு அடைத்துக்கொள்ளும். அதே சரிவில் 60 சென்டிமீட்டர் பைப் ஏறக்குறைய ஆறு மடங்கு தண்ணீர் கடத்தும். அதைவிட நல்லது, ஓடையையும் இரு கரையையும் திட்டப் பரப்பிலிருந்தே கழித்துவிட்டு, அந்த இடத்தில் மதிலுக்குப் பதில் கம்பிவேலி போடச் சொல்வது. அரை ஏக்கர் குறையும். குறையட்டும்.

பேனலுக்கு அடியிலும் ஒரு பார்வை வேண்டும். இரண்டு பேனல் நீளமாக அடுக்கிய மேசையில் (பேனலைத் தாங்கும் சட்டத்தில்) சுமார் நாலரை மீட்டர் அகலத்துக்கு விழும் மழை முழுவதும் கீழ் விளிம்பில் ஒரே கோட்டில் கொட்டும். புல்லைச் சுரண்டிய செம்மண்ணில் அந்தக் கோடு சீக்கிரமே கால்வாயாகி, தூணின் அடியைத் தோண்டும். தரைப்புல்லை அழிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

தெற்கு நிழலை மட்டும் பார்ப்பது

பேனல் தெற்கு பார்த்து நிற்பதால் தெற்குப் பக்கத்து மரத்தை மட்டும் அளப்பார்கள். நாம் இருப்பது 8 பாகை அட்சத்தில். சித்திரை தொடங்கி ஆவணி நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் 21 மதியம் 20 மீட்டர் தென்னையின் நிழல் தெற்கே ஐந்தரை மீட்டர் விழும். டிசம்பர் 21-இல் வடக்கே 12 மீட்டர். காலையும் மாலையும் கிழக்கு, மேற்கு மரங்களின் நிழல் இதைவிட நீளம். பக்கத்துத் தோப்பில் இன்று ஆள் உயரம் நிற்கும் கன்று பத்து வருடத்தில் எங்கே நிற்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

'சப்ஸ்டேஷன் பக்கத்தில்தானே'

பக்கத்தில் இருந்தால் போதாது, நீங்கள் அனுப்பும் மின்சாரத்தை ஏற்க அதில் இடம் இருக்க வேண்டும். முப்பந்தலில் காத்தாடிகள் சுற்றும் மாதங்களில் இருக்கிற இடம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை மறப்பது

காற்றுச்சுமைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875-இன் வரைபடத்தில் நம் பகுதிக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர். வடிவமைப்பாளர் அதை எடுத்துக்கொண்டு, நில அமைப்புக் காரணியை 1 என்று போட்டுவிடுவார். குன்றுச் சரிவிலும் முகட்டிலும் அது 1.36 வரை போகலாம். விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் தூண் தாங்க வேண்டியது 1.85 மடங்கு. கணக்குத்தாளில் அந்த ஒரு எண்ணைத் தேடிப் பாருங்கள்.

கழுவத் தண்ணீர்

ஒரு மெகாவாட்டுக்கு 550 வாட் பேனல் சுமார் 1,800. பேனலுக்கு இரண்டு லிட்டர் என்றாலும் ஒரு கழுவலுக்கு 3,600 லிட்டர். போர்வெல் உப்பாக இருந்தால் காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளைப் படலம் நிற்கும்.

குத்தகையின் கடைசிப் பக்கம்

இருபத்தைந்து வருடம் கழித்துத் தூணையும் கான்கிரீட்டையும் யார் செலவில் பிடுங்குவது, அதற்கான வைப்புத்தொகை எங்கே என்று அங்கே எழுதியிருக்க வேண்டும். எழுதியிராவிட்டால் பேனா மூடியைக் கழற்றாதீர்கள்.