நெறிக்கட்டு பயாப்சிக்கு முன்னாடி கேட்டுக்க வேண்டியது: காசில்மேன் நோயும் ஜீன் டெஸ்டும்

கழுத்துலயோ அக்குள்லயோ நெறி கட்டி மாசக்கணக்குல கரையல, கூடவே காய்ச்சல், ராத்திரி வேர்த்துக் கொட்டுதுன்னா நம்ம பக்கம் மொதல்ல டிபியான்னுதான் பாப்பாங்க, அது சரிதானுங்க, இங்க அதுதான் எச்சா. ஆனா டாக்டர் காசில்மேன் நோயா (நெறி வீங்கற ஒரு அபூர்வமான நோய்) இருக்குமோன்னு சந்தேகப்பட்டா, கோபியிலயோ தாராபுரத்துலயோ இருந்து கோயமுத்தூருக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க. நெறியை அறுக்கற அன்னிக்கு சாம்பிளை எப்படி எடுத்து வெக்கறாங்களோ அதைப் பொறுத்துதான் அப்புறமேட்டுக்கு என்ன ஜீன் டெஸ்ட் பண்ண முடியும்ங்கறதே.

ஒரே எடத்துல மட்டும் வர்ற காசில்மேனை முழுசா அறுத்து எடுத்தா பெரும்பாலும் சரியாப் போயிரும். பல எடத்துல வர்றதுதான் ரொம்ப சிரமம், சிலருக்கு ஹெச்ஹெச்வி-8 வைரஸ் காரணம், மத்தவங்களுக்குக் காரணமே தெரியறதில்ல, நோய் எதிர்ப்பு செல்லுங்க தாறுமாறா வேலை செஞ்சு ஐஎல்-6 மாதிரி புரதம் ஏறிப்போயிரும்.

மொதல்ல, ஊசி குத்தி உறிஞ்சற எஃப்என்ஏசி மட்டும் பத்தாதுங்க, முழு நெறியா எடுக்க முடியுமான்னு கேளுங்க, ஏன்னா நெறியோட உள்ளமைப்பைப் பாத்தாத்தான் இந்த நோயைச் சொல்ல முடியும். எடுத்ததை மொத்தமா ஃபார்மலின்ல (சதை கெடாம வெக்கற மருந்துத் தண்ணி) போட்டுட்டா உயிரோட செல்லு கெடைக்காது, டிபி கல்ச்சரும் பண்ண முடியாது, அதனால ஒரு துண்டை ஃப்ரெஷ்ஷா வெக்கச் சொல்லி சர்ஜன்கிட்ட முந்தின நாளே பேசிருங்க, தியேட்டர் வாசல்ல நின்னுக்கிட்டு கேட்டா ஆகாது.

அடுத்தது ஸ்டீராய்டு, இதுதான் ரொம்ப முக்கியம். ஸ்டீராய்டு ஏறினா எதிர்ப்பு செல்லுங்களோட நெலமையே மாறிப்போயிரும். ஆளு மோசமா இருந்தா டாக்டர் காத்திருக்க மாட்டாரு, அது நியாயம், ஆனா மருந்து ஏத்தறதுக்கு முன்னாடி ரத்தம் எடுத்து வெக்க முடியுமான்னு கேக்கலாமுங்க. டேவிட் ஃபைகன்பாம்னு அமெரிக்க டாக்டர், அவருக்கே இந்த நோய், பல தடவ சாகக் கெடந்தவர், ஐஎல்-6-ஐ தடுக்கற மருந்து அவருக்குக் கேக்கல. சேத்து வெச்சிருந்த தன்னோட ரத்தம், நெறி சாம்பிளையெல்லாம் ஆராய்ஞ்சுதான் டி செல்லுங்கற எதிர்ப்பு செல்லுங்க முறுக்கேறி நிக்கறதையும், செல்லை வளரச் சொல்லித் தூண்டற எம்டார்ங்கற பாதை எச்சா ஓடறதையும் கண்டுபிடிச்சாரு, 2014-ல அந்தப் பாதையைத் தடுக்கற சிரோலிமஸ்ங்கற மருந்தை எடுக்க ஆரம்பிச்சு தேறிட்டாரு. எல்லாருக்கும் அந்த மருந்து கேக்கும்னு இல்லைங்க, ஆனா சாம்பிள் இல்லாம அவராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது.

டி.என்.ஏ டெஸ்டுக்குன்னா பர்ப்பிள் மூடி ஈடிடிஏ ட்யூப், ஹெபாரின் ட்யூப்ல எடுத்தா பிசிஆர் (டி.என்.ஏவைப் பல மடங்கு பெருக்கிப் பாக்கற டெஸ்ட்) கெட்டுப்போகும். உயிரோட செல் வேணும்கற டெஸ்டுக்கு லேப் சொல்ற ட்யூப்ல எடுத்து அன்னிக்கே சேத்துடறது நல்லது, ஐஸ்ல வெக்கலாமான்னும் அவங்களையே கேளுங்க, பங்குனி சித்திர வெயில்ல வண்டி டேங்க் கவர்ல மட்டும் வெச்சுப்போடாதீங்க.

ரிப்போர்ட் வந்தா ஜீன் பேரைப் பாத்து பயந்துக்காதீங்க. ஒரே எடத்துல வர்ற வகையில சிலருக்கு பிடிஜிஎஃப்ஆர்பி ஜீன்ல மாற்றம் இருக்கும், அது அந்த நெறிக்குள்ள மட்டும் வந்தது, புள்ளைங்களுக்குப் போகாது. வியுஎஸ்னு போட்டிருந்தா அர்த்தம் இன்னும் தெரியாத மாற்றம், அதை வெச்சு யாரும் மருந்து மாத்தக்கூடாது. ஜீன் ரிப்போர்ட் மட்டும் வெச்சு காசில்மேன்னு முடிவும் பண்ணிக்காதீங்க, பேத்தாலஜி, சிடி ஸ்கேன், ரத்தத்துல சிஆர்பி (உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டறது), ஹீமோகுளோபின், ஆல்புமின் எல்லாஞ் சேந்துதான்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது, அறுத்த நெறித் துண்டை மெழுகுல பதிச்சு வெச்ச மெழுகு பிளாக்கு எந்த லேப்ல, என்ன நம்பர்ல இருக்குதுன்னு எழுதி வாங்கிக்கங்க, வேற ஊர்ல செகண்ட் ஒப்பீனியன் கேக்கறப்போ ஸ்லைடோட அதையுந்தான் கேப்பாங்க.