பேச்சு வர்றதுக்கு முன்னாடியே பிள்ளைக்கு கைசாடை பழக்குறது எப்படி

எட்டு மாசப் பிள்ளை வீறிட்டு அழுதா வீட்டுல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. பசிக்குதுன்னு ஒருத்தர், பல்லு மொளைக்குதுன்னு ஒருத்தர், கண்ணு பட்டுருச்சு சுத்திப்போடுன்னு இன்னொருத்தர். என்ன வேணும்னு பிள்ளைக்குத்தான் தெரியும், ஆனா சொல்ல வாய் வரல. ஒரு சொல்லு வெளிய வரணும்னா நாக்கு, உதடு, மூச்சு எல்லாம் ஒண்ணா சேந்து வேலை செய்யணும், பெரும்பாலும் அதுக்கு ஒரு வயசு ஆயிரும். கை அதுக்கு முன்னாடியே சொன்னபடி கேக்க ஆரம்பிச்சிரும். டாட்டா காட்டுறது, சாமி கும்பிடுறது, சலாம் வைக்கிறது எல்லாம் நம்ம பிள்ளைக ஒன்பது பத்து மாசத்துலயே செய்யுதுகதானே, அதே கையில "பால் வேணும்" "போதும்" "வலிக்குது"ன்னும் காட்டப் பழக்கிட்டா அழுகை கொஞ்சம் கொறையலாம்.

இது ஒண்ணும் நான் கண்டுபிடிச்சதில்ல. 1980கள்ல அமெரிக்காவுல கலிஃபோர்னியாவுல லிண்டா அக்ரிடோலோன்னு ஒரு ஆராய்ச்சியாளர், அவங்க மக ஒரு வயசு வாக்குல பூவைப் பாக்குறப்பல்லாம் மூக்கை உறிஞ்சி காட்டுறதை கவனிச்சாங்க, பூவுக்கு பிள்ளை தானா ஒரு சாடை வச்சிருந்துச்சு. அதுலேர்ந்து சூசன் குட்வின்கூட சேந்து ரொம்ப வருசம் இதை ஆராய்ஞ்சாங்க. சாடை பழகுன பிள்ளை சீக்கிரம் பேசும், புத்திசாலி ஆயிரும்னு அப்புறம் நிறைய பேர் சொல்லி கிளாஸ் எல்லாம் நடத்துறாங்க, அதை அப்படியே நம்பிராதீங்க. 2013ல இங்கிலாந்துல நாப்பது அம்மாக்களையும் பிள்ளைகளையும் எட்டு மாசத்துலேர்ந்து இருவது மாசம் வரைக்கும் பாத்து ஒரு ஆய்வு வந்துச்சு. சாடை பழகுன பிள்ளைக மத்த பிள்ளைகளை விட சீக்கிரமா பேசிரல, லேட்டாவும் பேசல. ஆனா சாடை சொல்லிக்குடுத்த அம்மாக்கள், பிள்ளை வாய் திறக்காம காட்டுற குறிப்பை நல்லா புரிஞ்சிக்கிட்டாங்க. எனக்கு இதுதான் பெரிய விஷயமா தெரியுது. சாடை பழக்குறோம்னு உக்காந்தா பிள்ளை முகத்தையும் கையையும் நாம பாத்தே ஆகணும், போனைப் பாத்துக்கிட்டே செய்ய முடியாது.

எப்ப ஆரம்பிக்கலாம்னா ஆறு மாசத்துலேர்ந்து எட்டு மாசத்துக்குள்ள. கொஞ்ச நேரம் ஒங்க முகத்தையே பாக்குது, நீங்க பாக்குற பக்கம் திரும்பிப் பாக்குதுன்னா போதும். ஆறு மாசத்துல ஆரம்பிச்சா பதில் வர ரெண்டு மூணு மாசம்கூட ஆகும், எட்டு ஒன்பது மாசத்துல ஆரம்பிச்சா சீக்கிரம் வரும். ஒரு வயசு தாண்டிருச்சேன்னு விட்டுறாதீங்க, பேச்சு சரளமா வர்ற வரைக்கும் இது ஒதவும்.

மொதல்ல மூணே மூணு சாடை போதும், அதுக்கு மேல வேண்டாம். பாலுக்கு, கையை மடக்கி மடக்கி விரிக்கிறது. இது அமெரிக்க சைகை மொழியில உள்ளது, பிள்ளைக்கு ரொம்ப லேசு. இன்னும் வேணும்ங்கிறதுக்கு ரெண்டு கை விரல் நுனியையும் குவிச்சு ஒண்ணோட ஒண்ணு தட்டுறது, இதுவும் அங்கேர்ந்து வந்ததுதான். போதும்னா ரெண்டு கையையும் விரிச்சு திருப்பிக் காட்டுறது. இந்த மூணும் பிடிபட்ட பிறகு அவங்கவங்க வீட்டுக்கு ஏத்தமாதிரி சேத்துக்கோங்க. நம்ம ராமநாதபுரம் கடக்கரையில சோறு ஊட்ட ஆரம்பிச்சா மீனும் சேந்தே வந்துரும், அதனால உள்ளங்கையை நீந்துறமாதிரி ஆட்டி "மீன்", ரெண்டு விரல் நுனியால நுள்ளுறமாதிரி காட்டி "முள்ளு". நகரையோ ஊழியோ எந்த மீனா இருந்தாலும் முள்ளை எடுத்து பிள்ளைக்கு தெரியுறமாதிரி காட்டி, சாடையும் காட்டி, முகத்தை சுளிச்சு, தட்டோரத்துல வைங்க. கொஞ்ச நாள்ல வாயில ஏதாச்சும் குத்துனாலே பிள்ளை அந்த விரலைக் காட்டும். முள்ளை எடுக்குறது என்னைக்கும் நம்ம வேலைதான், சாடை தெரிஞ்சிருச்சுன்னு அசட்டையா ஊட்டிறாதீங்க.

தேவைக்கு மட்டும் சாடை வச்சா பிள்ளைக்கு சலிச்சுப் போகும், அதுக்குப் பிடிச்சதுக்கும் வைங்க. காக்கா, நாய், படகு, அலை, ஃபேன். இதுல ஃபேனை எந்தப் பிள்ளையும் விடாது. எங்க வீட்டுல ஃபேனுக்கு கையை மேல தூக்கி ஒரு விரலை சுத்துறது. ஒரு மத்தியானம் கரண்ட் போயிருச்சு, பாயில படுத்திருந்த மகன் மேலயே பாத்துக்கிட்டு விரலை சுத்துறான், நிறுத்தி என்னைப் பாக்குறான், திரும்பவும் சுத்துறான். கரண்ட் இல்லப்பான்னு சொன்னேன், அவன் விடல, அப்பத்தா பக்கம் திரும்பி அதையே காட்டுனான். அவங்க பனையோலை விசிறியை எடுத்து வீசவும் விரலை எறக்கிட்டு அந்த விசிறியவே பாத்துட்டு, அதுக்கும் சுத்திக் காட்டுனான். சுத்துற ஃபேனுக்கு பழகுன சாடையை காத்து வர்ற விசிறிக்கும் அவனே வச்சுக்கிட்டான். அப்படி ஒண்ணை பத்து சாமானுக்கு பிள்ளை இழுத்துக்கிட்டு போகும், அது தப்பில்ல, திருத்தாதீங்க, "ஆமா, விசிறி, காத்து வருது"ன்னு சரியான பேரை மட்டும் வாயால சொல்லுங்க.

இப்ப சொல்லிக்குடுக்குற முறை. பிள்ளை ஒங்களைப் பாக்கணும், நீங்க காட்டுற சாமான் அங்க இருக்கணும், சொல்லும் கையும் ஒரே நேரத்துல வரணும், இந்த மூணும் சேந்தாத்தான் ஒட்டும். பால் குடுக்க மடியில போட்டதும் "பால்", கையை மடக்கி விரிக்கிறீங்க. குடிச்சு நடுவுல நிறுத்தும்ல, அப்ப திரும்ப "பால் வேணுமா", கை. முடிஞ்சதும் "போதும்", கை விரிச்சு. இதுக்குன்னு தனியா நேரம் ஒதுக்கி ஸ்கூல் மாதிரி ஒக்கார வைக்கவே கூடாது, சோறு, குளிப்பு, தூக்கம்னு அன்னாடம் நடக்குறதுக்குள்ளயே வரணும். வாயை மூடிக்கிட்டு கையை மட்டும் காட்டாதீங்க, எப்பவும் பேசிக்கிட்டே காட்டணும், பிள்ளை பேச்சையும் சேத்துத்தான் வாங்கிக்கிது. காட்டுனதும் சித்தெ பொறுங்க, மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. நாம அவசரப்பட்டு அடுத்த வாயை ஊட்டிருறோம், பிள்ளை கையைத் தூக்குறதுக்கே நேரம் வேணும்.

பிள்ளை காட்டுறது நீங்க காட்டுனமாதிரி இருக்காது. விரல் குவிக்க வராம ரெண்டு கையையும் தட்டும், அது கைதட்டலா "இன்னும்"மான்னு நமக்கு கொழப்பமா இருக்கும், எந்த நேரத்துல, எதைப் பாத்துக்கிட்டு தட்டுதுன்னு பாத்தா வெளங்கிரும். லேசா வந்தாலும் ஒடனே பதில் குடுங்க. கையைப் பிடிச்சு செஞ்சு காட்டுறதை எப்பவாச்சும் ஒருக்கா செய்யலாம், பிள்ளை கையை இழுத்துக்கிட்டா விட்டுறணும். "காட்டு, காட்டுனாத்தான் பால்"னு பிடிச்சு வைக்கிறது மட்டும் வேண்டவே வேண்டாம், பசிக்கிற பிள்ளைக்கிட்ட பரீட்சை வைக்கக்கூடாது.

நம்ம பக்கம் இதுல பெரிய சங்கதி, பிள்ளையை அம்மா மட்டும் வளக்குறதில்ல. பாம்பன், சின்னப்பாலம் பக்கமெல்லாம் கடல்பாசி எடுக்கப் போற அம்மாக்கள் கடலுக்குள்ள போயிட்டா பிள்ளை அப்பத்தாகிட்டயோ அம்மாச்சிகிட்டயோதான் இருக்கும். நீங்க காட்டுறது ஒண்ணு, அவங்க காட்டுறது ஒண்ணுன்னா பிள்ளை ரெண்டையும் விட்டுரும். அதனால மொதல்ல பெரியவங்களுக்கு சொல்லிக்குடுங்க. "சைகை காட்டுனா பிள்ளைக்கு பேச்சு வராதுடி"ன்னு கண்டிப்பா சொல்லுவாங்க. சண்டை போடாதீங்க. நம்ம ஆம்பளைக கடல்ல இன்ஜின் சத்தத்துல வலையை இழு, நிறுத்துன்னு கையிலதான் காட்டுறாங்க, கரைக்கு வந்தா வாய் ஓயாம பேசுறாங்க, அதுமாதிரிதான் அத்தை இதுவும்னு எடுத்துச் சொல்லுங்க, புரிஞ்சிக்குவாங்க. அப்படியே இன்னொண்ணும் சொல்லிருங்க, பேச்சு வரட்டும்னு நாக்குல தேன் தடவுறது ஒரு வயசுக்குள்ள கூடவே கூடாது, தேன்ல இருக்குற கிருமியால சின்னப் பிள்ளைக்கு நரம்பைத் தளத்துற நோய் வரும்னு டாக்டருங்க சொல்லுறாங்க.

விசைப்படகுல போற அப்பாமாருக்கு ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், 61 நாள் கரையிலதான் இருப்பாங்க. பிள்ளைக்கு அப்ப ஆறு மாசத்துக்கு மேல ஆச்சுன்னா விட்டுறாதீங்க, ஒரு சாடையை முழுசா அப்பா பொறுப்புல குடுங்க, படகு காட்டுறதோ அலை காட்டுறதோ கரைக்கு தூக்கிட்டுப் போயி அவரே பழக்கட்டும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வாப்பா துபாய்லயோ சவுதியிலயோ இருக்குற வீடு நிறைய, அவங்களுக்கு வீடியோ கால். பத்து மாசப் பிள்ளைக்கு போன்ல பேச ஒண்ணுமே இல்லாம உம்மாதான் "வாப்பாக்கு சலாம் சொல்லு"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. வாப்பாக்கும் அந்த மூணு சாடையை சொல்லி வச்சிருங்க, அங்கிட்டு அவர் "பால் குடிச்சியா"ன்னு கையை மடக்கிக் காட்ட, இங்கிட்டு பிள்ளை திருப்பிக் காட்டும். அதுக்காக கார்ட்டூன் வீடியோ போட்டு சாடை பழகிக்கிரும்னு விட்டா பலன் இல்ல, பதில் சொல்ற ஆள் எதுக்க இருக்கணும்.

வார்த்தை வர ஆரம்பிச்சதும் சாடை தானா ஒதிரும். கொஞ்ச நாளைக்கு ரெண்டும் சேந்து வரும், அப்புறம் கை எறங்கிரும், நிறுத்தச் சொல்லி நீங்க எதுவும் செய்ய வேண்டாம். "வலிக்குது"ங்கிற சாடையை மட்டும் வச்சிருங்க, ரெண்டு ஆள்காட்டி விரலையும் நேருக்கு நேரா வச்சு வலிக்குற எடத்துக்கிட்ட காட்டுறது. பேசத் தெரிஞ்ச பிள்ளைகூட காய்ச்சல்ல சொல்லத் தெரியாம அழும், அப்ப காதுக்கிட்டயா வயித்துக்கிட்டயான்னு கை காட்டும்.

கடைசியா காது விஷயம், இதை தயவுசெஞ்சு தள்ளிப் போடாதீங்க. சாடை நல்லா காட்டுதே, பேச்சு மெதுவா வரட்டும்னு இருந்துறக்கூடாது. காது கேக்காத பிள்ளையும் மொத மாசங்கள்ல சத்தம் எழுப்பும், அதனால வீட்டுல கண்டுபிடிக்கிறது கஷ்டம். தட்டைத் தட்டிப் பாத்து திரும்புது, கேக்குதுன்னு முடிவு பண்ணாதீங்க, அதிர்வுக்கும் நிழலுக்கும்கூட பிள்ளை திரும்பும். பொறந்த ஒரு மாசத்துக்குள்ள ஓஏஈன்னு ஒரு டெஸ்ட், தூங்குறப்ப காதுல சின்னதா ஒரு குழாய் வச்சு கொஞ்ச நேரத்துல பாத்துருவாங்க, வலிக்காது. அதுல சந்தேகம் வந்தா, சத்தம் காதுலேர்ந்து மூளைக்குப் போகுதான்னு பாக்குற பெரா டெஸ்ட் எடுத்து மூணு மாசத்துக்குள்ள ஒறுதி பண்ணணும், ஆறு மாசத்துக்குள்ள காது மெஷினோ பயிற்சியோ ஆரம்பிச்சிறணும். சொந்தத்துல கட்டுனவங்க, குடும்பத்துல யாருக்காச்சும் காது கேக்காம இருக்குறவங்க, குறைமாசத்துல பொறந்து ஐசியுல இருந்த பிள்ளைக இதை மறக்கவே கூடாது. ஒரு வயசுல கையும் காட்டல மழலைச் சத்தமும் இல்ல, பதினாறு மாசத்துல ஒரு சொல்லுகூட வரல, ரெண்டு வயசுல ரெண்டு சொல்லை சேத்துச் சொல்லல, இல்ல வந்த பேச்சு நின்னுபோச்சுன்னா ராமநாதபுரம் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியில குழந்தை டாக்டர்கிட்டயும் காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்டயும் காட்டிருங்க. காதுக்குள்ள கருவி வைக்கிற காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷன் தேவைப்பட்டா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல சின்னப் பிள்ளைகளுக்கு வழி இருக்கு, ஆறு வயசுக்குள்ளன்னு கணக்கு வச்சிருக்காங்க, அதனால சீக்கிரம் விசாரிங்க.

காது கேக்காதுன்னு தெரிஞ்சிருச்சுன்னா நான் மேல சொன்ன பத்து இருவது வீட்டுச் சாடை அந்தப் பிள்ளைக்குப் பத்தாது. அதுக்கு முழு மொழி வேணும், இந்திய சைகை மொழி. அதுக்கு தனி இலக்கணம் இருக்கு, கதை சொல்லலாம், கோவப்படலாம், கேள்வி கேக்கலாம். டெல்லியில 2015ல ஆரம்பிச்ச இந்திய சைகை மொழி ஆராய்ச்சி பயிற்சி மையம் 2021ல 10,000 சொல்லுக்கு அகராதி வெளியிட்டிருக்கு, யூடியூப்ல வீடியோவா ஓசியிலயே பாக்கலாம். அம்மா, அப்பா, அப்பத்தா எல்லாரும் பிள்ளையோட சேந்து படிக்கணும், ஊர்ப்பக்கம் காது கேக்காத பெரியவங்க யாராச்சும் சைகை மொழி பேசுறவங்களா இருந்தா அவங்ககிட்ட பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க, அவங்களை விட நல்லா சொல்லிக்குடுக்க ஆள் கிடையாது.