‘கெட்டிஸ்பர்க்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள்: உள்நாட்டுப் போரைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வினாடி வினாவில் ‘அமெரிக்க உள்நாட்டுப் போரின் திருப்புமுனை எது?’ என்று கேட்டால், ‘கெட்டிஸ்பர்க்’ என்று சொல்லிவிட்டுப் பரிசை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். கல்லூரி நாட்களில் நானே அப்படி ஒரு டிபன் பாக்ஸ் வாங்கியிருக்கிறேன். பதில் தப்பில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால், அடிமை முறையைக் காக்கத் தனி நாடாகப் பிரிந்த தெற்கு மாநிலங்களுக்கும் அதை விடாத வடக்கு மாநிலங்களுக்கும் இடையே 1861 முதல் 1865 வரை நடந்த அந்தப் போர் ஏன் வடக்கின் வெற்றியில் முடிந்தது என்பது கடைசிவரை பிடிபடாது.

முதல் தவறே ஒரே ஒரு களத்தைத் தேடுவதுதான். 1863 ஜூலை 1 முதல் 3 வரை பென்சில்வேனியாவில் நடந்த கெட்டிஸ்பர்க் போரில், இரு தரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ 51,000 பேர் செத்தும் காயப்பட்டும் பிடிபட்டும் காணாமலும் போனார்கள். மூன்றாம் நாள் மதியம் தெற்குப் படையினர் சுமார் 12,500 பேர் மறைவே இல்லாத வயல்வெளியில் பீரங்கிகளை நோக்கி நடந்தார்கள். ஏறக்குறைய பாதிப்பேர் வீழ்ந்தார்கள், அல்லது பிடிபட்டார்கள். படம் பிடிக்க இதைவிடப் பொருத்தமான காட்சி கிடையாது. ஆனாலும் தெற்கின் தளபதி லீ மிச்சப் படையோடு வர்ஜீனியாவுக்குத் திரும்பிவிட்டார். சண்டை இன்னும் 21 மாதம் ஓடியது.

அதே வாரம், ஜூலை 4 அன்று, மிசிசிப்பி ஆற்றங்கரையில் விக்ஸ்பர்க் சரணடைந்தது. வினாடி வினாக்காரர்கள் மறந்துவிடும் ஊர் இது. ஆறு வளையும் இடத்தில், மேட்டின் மேல் பீரங்கிகளோடு உட்கார்ந்திருந்த ஊர். அதன் கண்ணில் படாமல் எந்தக் கப்பலும் தாண்ட முடியாது. வடக்கின் தளபதி கிராண்ட், ஏப்ரலில் கப்பல்களை இருட்டோடு இருட்டாக அந்தப் பீரங்கிகளுக்குக் கீழே நழுவவிட்டு, ஊருக்குத் தெற்கே ஆற்றைக் கடந்து, பின்பக்கமாக வந்தார். நேரடியாக இரண்டு முறை மோதிப் பார்த்தார், பலிக்கவில்லை. பிறகு முற்றுகை, 47 நாள். ஊர்மக்கள் மண்மேட்டைக் குடைந்து குகைகளில் குடியிருந்தார்கள். கோவேறு கழுதைக் கறி தின்றார்கள். அச்சடிக்கத் தாள் தீர்ந்துபோய், உள்ளூர்ப் பத்திரிகை சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளின் பின்பக்கத்தில் வெளிவந்தது. கடைசியில் ஏறத்தாழ 29,500 வீரர்கள் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள்.

இங்கே படை தோற்று ஓடவில்லை, படையே இல்லாமல் போனது. ஆறு முழுக்க வடக்கின் கைக்கு வந்ததும் டெக்சாஸ், ஆர்கன்சா பகுதிகள் தெற்கின் மற்ற மாநிலங்களிலிருந்து துண்டிக்கப்பட்டன. லீயின் தோல்வியை விட இதுதான் தெற்குக்குப் பெரிய அடி என்பது என் கணக்கு. மறுப்பவர்களும் உண்டு, கெட்டிஸ்பர்க் பக்தர்களோடு வாதாடி ஜெயித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

‘யார் ஜெயித்தார்கள்?’ என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்வது இன்னொரு தவறு. 1863 மே மாதம் சான்சலர்ஸ்வில்லில் தன்னைப்போல் இரண்டு மடங்கு பெரிய படையை லீ விரட்டியடித்தார். கைதட்ட வேண்டிய வெற்றிதான். ஆனால் அவருடைய வலதுகை ஜாக்சன், இருட்டில் சொந்தப் படையாளே சுட்டதில் காயப்பட்டு, சில நாளில் இறந்தார். வடக்குப் படையோ ஆற்றைத் தாண்டிப் போய் மறுபடி ஆள் சேர்த்துக்கொண்டது.

ஆன்டீட்டம் இதற்கு நேர் எதிர். அந்தப் போருக்கு நான்கு நாள் முன்பு, மேரிலாந்தில் ஒரு வெட்டவெளியில், மூன்று சுருட்டுகளைச் சுற்றிய காகிதம் ஒன்று வடக்கின் சிப்பாய்கள் கையில் கிடைத்தது. பிரித்துப் பார்த்தால் லீயின் படை எங்கெங்கே பிரிந்து போகிறது என்ற உத்தரவு! இதைவிட என்ன வேண்டும்? ஆனால் தளபதி மெக்கிளெல்லன் ஆற அமரத்தான் கிளம்பினார். 1862 செப்டம்பர் 17 அன்று ஒரே நாளில் ஏறத்தாழ 23,000 பேர் செத்தார்கள், காயப்பட்டார்கள், காணாமல் போனார்கள். களத்தில் யாருக்கும் தெளிவான வெற்றியில்லை. லீ பின்வாங்கினார், மெக்கிளெல்லன் துரத்தவில்லை, அவ்வளவுதான். வடக்கின் அதிபர் லிங்கனுக்கு அது போதும். அடிமைகளை விடுவிக்கும் பிரகடனத்தை ஜூலையிலேயே எழுதி வைத்திருந்தார். ‘தோற்றுக்கொண்டிருக்கும்போது வெளியிட்டால் கதறுவதுபோல் இருக்கும், ஒரு வெற்றி வரட்டும்’ என்ற யோசனையைக் கேட்டு மேசைக்குள் வைத்திருந்தார். ஐந்தே நாளில், செப்டம்பர் 22 அன்று, அறிவித்தார். நடுவில் புகுந்து சமரசம் பேசலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பிரிட்டன் தயங்கி நின்றுவிட்டது. போர் முடிவதற்குள் கறுப்பின வீரர்கள் சுமார் 1,80,000 பேர் வடக்குப் படையில் சேர்ந்தார்கள். சமனில் முடிந்த ஒரு சண்டை இத்தனையும் செய்தது.

பிணக்கணக்கைப் பார்த்து முடிவு சொல்வதிலும் வழுக்கி விழலாம். 1864 மே 5, 6 தேதிகளில் வர்ஜீனியாவின் வில்டர்னஸ் காட்டில் கிராண்டுக்கு லீயை விட அதிக இழப்பு. முந்தைய தளபதிகள் இப்படி அடிவாங்கினால் வடக்கே திரும்பிவிடுவது வழக்கம். இருட்டில் ஒரு நாற்சந்திக்கு வந்த படையும் அப்படித்தான் நினைத்தது. கிராண்ட் தெற்கே போகும் பாதையில் திருப்பினார். தூக்கமில்லாமல், தோழர்களைக் காட்டில் விட்டுவந்த அதே சிப்பாய்கள் ஆரவாரம் செய்தார்கள்.

முடிவு தெரிந்துகொண்டு பின்னோக்கிப் படிப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. ‘வடக்கே 2 கோடிக்கு மேல் மக்கள், தொழிற்சாலை, ரயில் எல்லாம் இருந்தன, தெற்கில் மொத்தமே 90 லட்சம், அதிலும் சுமார் 35 லட்சம் பேர் அடிமைகள். எப்படியும் வடக்குதானே ஜெயிக்கும்?’ என்பார்கள். 1864 ஆகஸ்ட் 23 அன்று லிங்கனிடம் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். வரும் அதிபர் தேர்தலில் தான் தோற்பது கிட்டத்தட்ட உறுதி என்று அன்று ஒரு தாளில் எழுதி, மடித்து, உள்ளே என்ன என்று காட்டாமலே அமைச்சர்களிடம் கையெழுத்து வாங்கினார். எதிரே நின்ற வேட்பாளர் யார் தெரியுமா? ஆன்டீட்டத்தில் துரத்தாமல் நின்ற அதே மெக்கிளெல்லன். ஜெயிக்க ஆளும் ஆலையும் இருந்தால் மட்டும் போதாது. வாக்காளருக்குப் பொறுமையும் மிச்சமிருக்க வேண்டும். பத்தே நாளில், செப்டம்பர் 2 அன்று, வடக்கின் தளபதி ஷெர்மன் தெற்கின் அட்லான்டா நகரைப் பிடித்தார். ஊருக்கு வந்த கடைசி ரயில் பாதையை அவர் அறுத்த பிறகு தெற்குப் படைக்கு அங்கே இருக்க வழியில்லை. நவம்பரில் லிங்கன், மாநிலவாரியாக அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் வாக்குகளில் 212-க்கு 21 என்ற கணக்கில் ஜெயித்தார்.

களத்தை மட்டும் பார்ப்பவர் கடலை விட்டுவிடுவார். தெற்கின் துறைமுகங்களை வடக்கின் கப்பல்கள் அடைத்ததில் பருத்தி வெளியே போகவில்லை. இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகள் இந்தியப் பக்கம் திரும்ப, திருநெல்வேலிச் சீமைக் கரிசல் வரைக்கும் பருத்தி விலை ஏறியது. போர் முடிந்ததும் இறங்கியது.

கடைசியாக, லீ சரணடைந்த 1865 ஏப்ரல் 9-ஐ முற்றுப்புள்ளியாக வைத்துவிடாதீர்கள். மே 12, 13 தேதிகளில் டெக்சாஸின் பால்மிட்டோ ராஞ்சில் இன்னொரு சண்டை நடந்தது. நிலத்தில் நடந்த கடைசிச் சண்டையாக அதைத்தான் சொல்வார்கள். அதில் ஜெயித்தது தெற்கு. ஆன்டீட்டத்துக்குப் பின் லிங்கன் அறிவித்த விடுதலை, அதே டெக்சாஸின் கால்வெஸ்டன் ஊரில் ஒரு வடக்குத் தளபதியின் ஆணையாக வந்து சேர்ந்தது ஜூன் 19 அன்றுதான்.