ஐடி கார்டைச் சட்டைக்குள் போட்டுவிட்டுப் படம் எடுங்கள்: பள்ளிகளும் பெற்றோரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளைகளின் படங்களை இணையத்தில் போடுவதில் உள்ள ஆபத்து பெரும்பாலும் ஒரே படத்தில் இருப்பதில்லை. பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தில் முழுப்பெயரும் வகுப்பும், அம்மாவின் ஸ்டேட்டஸில் பிறந்தநாள் கேக், ஊர்ப் பக்கத்தில் பரிசு வாங்கும் படம், வேன் ஏறும் முக்கில் எடுத்த செல்ஃபி. இந்த நான்கையும் சேர்த்துப் பார்க்கிறவருக்கு அந்தப் பிள்ளை யார், எந்த ஊர், காலையில் எத்தனை மணிக்கு எங்கே நிற்கும் என்பதுவரை தெரிந்துவிடும். அதிலும் குமரி சின்ன மாவட்டம். கருங்கலிலோ அருமனையிலோ பிள்ளையின் பெயரையும் பள்ளியையும் சொல்லி இரண்டு பேரிடம் விசாரித்தால் வீட்டு வாசலுக்கே வந்துவிடலாம். அதனால் இங்கே முகத்தைவிடக் கூட வரும் எழுத்துதான் கவனிக்க வேண்டியது.

கழுத்தில் தொங்கும் கார்டு

பள்ளி ஐடி கார்டில் பெயர், வகுப்பு, பிரிவு, இரத்தப் பிரிவு, அப்பா பெயர், மொபைல் எண், பல பள்ளிகளில் வீட்டு முகவரியும் இருக்கும். இன்றைய போன் கேமராவில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் இவை அத்தனையும் வாசிக்கக் கிடைக்கும். படம் எடுக்கும் முன் ஆசிரியர் “கார்டைச் சட்டைக்குள் போடுங்க மக்களே” என்று சொன்னால் போதும், பத்து விநாடி வேலை. கரும்பலகையில் எழுதிய பெயர்ப்பட்டியல், சுவரில் ஒட்டிய வேன் நேர அட்டவணை, மேசைமேல் திறந்து கிடக்கும் வருகைப் பதிவேடு ஆகியவையும் படத்தின் பின்னணியில் வராமல் பாருங்கள்.

படத்துக்குக் கீழே எழுதுவதில் ஒரு விதியை வைத்துக்கொள்ளலாம். முகம் தெளிவாகத் தெரிந்தால் முழுப்பெயர் வேண்டாம், முழுப்பெயர் போட வேண்டியிருந்தால் கூட்டமாக நிற்கும் படம் போதும். பள்ளி இணையதளத்தில் ஏற்றும்போது கோப்பின் பெயரையும் மாற்றுங்கள். பிள்ளையின் பெயரும் வகுப்பும் சேர்ந்த கோப்புப் பெயர் தேடுபொறியில் வரக்கூடும். பக்கத்தில் ஒரு வரிகூட எழுதாமல் விட்டாலும் கோப்பின் பெயர் காட்டிக்கொடுத்துவிடும்.

ஹால் டிக்கெட்டும் மார்க் ஷீட்டும்

மார்ச் மாதத்தில் “எக்ஸாமுக்கு ரெடி” என்று ஹால் டிக்கெட்டைக் கையில் பிடித்த படங்கள் ஸ்டேட்டஸில் வரும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவைப் பார்க்கப் பதிவு எண்ணும் பிறந்த தேதியும் மட்டும் போதும். இரண்டும் அந்தத் தாளிலேயே இருக்கின்றன. அதாவது, பிள்ளை தன் மதிப்பெண்ணைப் பார்க்கும் முன்பே எதிர்வீட்டில் பார்த்துவிடலாம். பதிவு எண்ணை மட்டும் மறைத்துவிட்டுப் பிறந்த தேதியை விடுவதும் பயனில்லை. தேதி எங்கோ ஒரு பிறந்தநாள் வாழ்த்துப் படத்தில் ஏற்கனவே இருக்கும்.

மறைக்கும் விதத்திலும் தவறு நடக்கிறது. போனில் ஹைலைட்டர் மாதிரியான பேனாவால் கறுப்பாகத் தேய்த்தால் அது முழுதாக மறைக்காது. வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்டையும் கூட்டினால் கீழே உள்ள எண் மங்கலாகத் தெரியும். முழுக் கறுப்பான கட்டம் ஒன்றை அதன்மேல் வையுங்கள். பிறகு அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்த ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்புங்கள். ஆதாரில் எண்ணை மறைத்து க்யூஆர் குறியீட்டை விட்டுவிடுகிறார்கள். பெயர், முகவரி, பிறப்பு விவரம், படம் எல்லாம் அந்தக் குறியீட்டுக்குள் இருக்கின்றன. ஆதார் நகல் கேட்கும் இடங்களில் முதல் 8 இலக்கங்கள் மறைந்த ‘மாஸ்க்டு ஆதார்’ ஏற்பார்களா என்று முதலில் கேளுங்கள். ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே அதை இறக்கிக்கொள்ளலாம்.

மாநில அளவில் முதல் மதிப்பெண் பட்டியல் அறிவிப்பதைத் தமிழ்நாடு 2017-ல் நிறுத்திவிட்டது. ஆனாலும் ரிசல்ட் அன்று மார்த்தாண்டம் முதல் நாகர்கோவில் வரை ஃபிளெக்ஸ் நிற்கிறது. வைக்க வேண்டும் என்றால் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் முதல் நாளே கேளுங்கள். ‘வேண்டாம்’ என்று சொல்ல ஒரு நாளாவது கொடுங்கள்.

வகுப்பு வாட்ஸ்அப் குரூப்

அதிகத் தவறு நடக்கும் இடம் இதுதான். 40 பெற்றோர் உள்ள குரூப் என்றால் 40 மொபைல் எண்களும் எல்லாருக்கும் தெரியும். அதில் மதிப்பெண் பட்டியல், கட்டணம் பாக்கி உள்ளவர்கள் பெயர், லேட்டாக வந்த பிள்ளைகளின் படம், “எல்லாரும் ஆதார் நகலை இங்கே போடுங்க” என்ற செய்தி எல்லாம் வருகின்றன. ஒருவர் ஃபார்வர்ட் செய்தால் கதை முடிந்தது. ஆட்டோ டவுன்லோட் போட்டிருக்கிற ஒவ்வொரு போனிலும் படம் கேலரிக்குள் இறங்கி, அங்கிருந்து தானாகவே கூகுள் போட்டோஸுக்கும் போகலாம். குரூப்பில் அழித்தாலும் அந்த நகல்கள் அழியாது.

வகுப்பாசிரியர் செய்யக்கூடியவை எளியவை. குரூப் செட்டிங்ஸில் அட்மின் மட்டும் செய்தி அனுப்பும்படி மாற்றுங்கள். அதைவிட நல்லது வாட்ஸ்அப் கம்யூனிட்டி தொடங்கிப் பெற்றோரை அதன் அறிவிப்புக் குரூப்பில் மட்டும் சேர்ப்பது. அங்கே உறுப்பினர் எண்கள் மற்ற பெற்றோருக்குத் தெரியாது, அட்மினுக்குத்தான் தெரியும். கீழே தனித்தனி வகுப்புக் குரூப்களைத் திறந்தால் எண்கள் மறுபடி வெளியே வந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். மதிப்பெண், கட்டணம், மருத்துவ விவரம் மூன்றும் தனிச் செய்தியாகத்தான் போக வேண்டும். கூகுள் ஷீட்டில் பட்டியல் வைத்திருந்தால் ‘லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்’ என்ற நிலையை எடுத்துவிடுங்கள். கூகுள் ஃபார்மில் பதில்களின் சுருக்கத்தை மற்றவர்களுக்குக் காட்டும் வசதி நிறுத்தப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆண்டு முடிந்ததும் குரூப்பை மூடுங்கள். பள்ளி மாறிப்போன ஆசிரியரும் டி.சி. வாங்கிப்போன பிள்ளையின் வீட்டாரும் மூன்று ஆண்டாக உள்ளேயே இருக்கும் குரூப்கள் நிறைய.

ஒரு கையெழுத்தில் எல்லாவற்றுக்கும் சம்மதம்

சேர்க்கைப் படிவத்தின் கடைசியில் “பள்ளி விதிகளுக்குக் கட்டுப்படுகிறேன்” என்று ஒரு வரி இருக்கும். அதையே படம் போடுவதற்கான அனுமதியாகப் பள்ளிகள் எடுத்துக்கொள்கின்றன. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லாரையும் குழந்தை என்கிறது. அவர்களின் விவரத்தைக் கையாளச் சரிபார்க்கக்கூடிய பெற்றோர் சம்மதம் வேண்டும், அந்தச் சம்மதம் குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாக இருக்க வேண்டும், கொடுத்தது போலவே எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. குழந்தைகள் தொடர்பான கடமையை மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டு, பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. படிவத்தைத் திருத்த இதுதான் நேரம்.

தனித் தாளில், தமிழில், இப்படிக் கேளுங்கள்: “என் பிள்ளையின் படம் (1) வகுப்பு அறிவிப்புப் பலகையில், (2) பெற்றோருக்கு மட்டும் அனுப்பும் ஆல்பத்தில், (3) பள்ளியின் இணையதளத்தில், (4) ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப்பில், (5) ஃபிளெக்ஸ், நாளிதழ் விளம்பரத்தில்.” ஒவ்வொன்றுக்கும் ‘ஆம்’, ‘இல்லை’ என இரண்டு கட்டம். கீழே “இந்த அனுமதி இந்தக் கல்வியாண்டுக்கு மட்டும். திரும்பப் பெற அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் 7 நாளில் படம் நீக்கப்படும்.” ‘இல்லை’ என்று குறித்த பிள்ளைகளின் பட்டியல் படம் எடுப்பவர் கையில் இருக்க வேண்டும், அலுவலக அலமாரியில் இருந்து பயனில்லை. அந்தப் பிள்ளையை மட்டும் எழுப்பி ஓரமாக நிறுத்திப் படம் எடுப்பதும் அவமானம்தான். எல்லாரும் இருக்கும் படம் ஒன்றை அச்சடித்துக் கொடுக்கவும், முதுகுப்பக்கமாகவோ கைவேலையை மட்டுமோ எடுத்த இன்னொன்றை இணையத்தில் போடவும் வைத்துக்கொள்ளுங்கள். சண்டே ஸ்கூல், வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி), சமய வகுப்பு, மதரசா நடத்துகிறவர்களுக்கும் இதே தாள் பொருந்தும். மே மாதத்துப் படங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன.

ஆண்டு விழா வீடியோ

யூடியூப்பில் ‘குழந்தைகளுக்கானது’ என்று குறித்துவிட்டால் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. அதனால் கமென்ட் நின்றுபோகும், வீடியோ அனைவருக்கும் தெரிந்தபடியேதான் இருக்கும். ‘அன்லிஸ்டட்’ என்றால் தேடலில் வராது, ஆனால் லிங்க் கிடைத்த எவரும் பார்க்கலாம். அதைப் பொதுவான பிளேலிஸ்ட்டில் சேர்த்துவிட்டால் அந்த வழியாகவும் வெளியே தெரியும். ‘பிரைவேட்’ என்பதுதான் இறுக்கமானது. அதில் மின்னஞ்சல் கொடுத்து 50 பேர் வரை அழைக்கலாம். பெரிய பள்ளிக்கு நடைமுறையில் சரிப்படுவது அன்லிஸ்டட்: கமென்டை நிறுத்துங்கள், முகப்புப் படத்துக்கு மேடை முழுவதும் தெரியும் காட்சியை வையுங்கள், ஒரு மாதம் கழித்துப் பிரைவேட்டுக்கு மாற்றுங்கள். லைவ் ஓட்டினால் முடிந்த பிறகு அதே வீடியோ சேனலில் தங்கிவிடும், அன்றிரவே போய்ப் பாருங்கள். நடன உடையில் உள்ள பெண்பிள்ளைகளின் குளோசப்புகளை எடிட்டிங்கிலேயே வெட்டச் சொல்லுங்கள்.

வீடியோ எடுக்கும் ஸ்டுடியோவையும் மறக்கிறார்கள். தங்கள் வேலையைக் காட்ட அவர்களும் இன்ஸ்டாகிராமில் போடுவார்கள். கொட்டேஷனிலேயே ஒரு வரி எழுதி வாங்குங்கள்: “இந்தப் படங்களை எங்கள் பக்கங்களிலோ விளம்பரத்திலோ பயன்படுத்த மாட்டோம். ஒப்படைத்து 60 நாளில் எங்கள் கணினியிலிருந்து அழிப்போம்.”

வீட்டிலிருந்து போகும் படம்

இந்த மாவட்டத்தில் படம் அனுப்புவது வெறும் பெருமைக்காக இல்லை. அப்பா துபாயிலோ சவூதியிலோ இருப்பார், அல்லது தூத்தூர் பக்கத்து ஊர்களில் ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் கரைக்கு வராமல் இருப்பார். பிள்ளை வளர்வதை அவர் போனில்தான் பார்க்கிறார். அதை நிறுத்தச் சொல்வது நியாயம் இல்லை. ஸ்டேட்டஸில் போடாமல் அவருக்கே அனுப்பினால் போதும்.

“என் கான்டாக்டில் உள்ளவர்கள்தானே பார்க்கிறார்கள்” என்பார்கள். அந்தக் கான்டாக்டில் கேஸ் சிலிண்டர் போடுபவர், பிளம்பர், சீட்டுக்காரர், என்றோ ஒருநாள் சவாரி வந்த ஆட்டோக்காரர் எண்ணும் இருக்கும். செட்டிங்ஸ், பிரைவசி, ஸ்டேட்டஸ் என்று போய் ‘ஒன்லி ஷேர் வித்’ என்பதில் குடும்பத்தார் பெயரை மட்டும் தேர்ந்தெடுங்கள். மறையும் செய்தி வசதி 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என மூன்று அளவில் உண்டு. படகில் இருப்பவருக்கு 7 நாள் வைத்தால் அவர் கரைக்கு வந்து திறக்கும் முன்பே படம் போய்விடும். 90 நாள் வையுங்கள்.

படத்துக்குள் எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் நீங்கிவிடும், தெளிவு குறையக்கூடாது என்று டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். கேமரா செட்டிங்ஸில் லொக்கேஷனை நிறுத்திவிடுவது நல்லது. திற்பரப்பு அருவியிலிருந்தோ முட்டத்துக் கடற்கரையிலிருந்தோ எடுத்ததை வீடு திரும்பிய பிறகு போடுங்கள். பிள்ளைக்கு எட்டு, ஒன்பது வயதாகிவிட்டால் போடும் முன் அதனிடமும் கேளுங்கள்.

நல்ல மனதோடு செய்யும் தவறுகள்

நோட்டுப் புத்தகமோ சைக்கிளோ உதவியாகக் கொடுக்கும்போது வாங்கும் பிள்ளையின் முகம் வேண்டியதில்லை. கொடுத்த பொருளைப் படம் எடுத்தால் கணக்கும் காட்டியாகும். ‘காணவில்லை’ செய்தியைப் பகிர்ந்தவர்கள் பிள்ளை கிடைத்த அன்றே அதை அழிக்க வேண்டும். பிள்ளை கல்லூரிக்குப் போன பிறகும் அந்தப் படம் குரூப் குரூப்பாகச் சுற்றும்.

பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளைக்கு “நியாயம் வேண்டும்” என்று பெயரோடும் பள்ளியோடும் எழுதுவது பிள்ளைக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை. போக்சோ சட்டம் 2012, பிரிவு 23: பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது. மீறினால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பெயரை விட்டுவிட்டு ஊரையும் பள்ளியையும் போட்டாலும் இங்கே அடையாளம் தெரிந்துவிடும்.

படம் தவறான கைக்குப் போய்விட்டால்

பதற்றத்தில் முதலில் அழிக்கிறார்கள், அல்லது கமென்டில் சண்டை போடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். அந்தப் பக்கத்தின் முகவரி, கணக்கின் பெயர், தேதி, நேரம் ஆகியவற்றைக் குறித்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு அந்தத் தளத்திலேயே ரிப்போர்ட் செய்யுங்கள். ஆனால் படம் ஆபாசமாக மாற்றப்பட்டதாக இருந்தால் ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டாம். லிங்க்கையும் கணக்கின் பெயரையும் மட்டும் எழுதிவைத்து உடனே காவல் துறைக்குப் போங்கள். சாட்சி என்று நினைத்து அதை உறவினருக்கோ பெற்றோர்-ஆசிரியர் கழக (பி.டி.ஏ.) குரூப்புக்கோ அனுப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு அனுப்பியவர்மேலும் பாயும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான பிரிவில் பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். உதவி எண்கள்: சைபர் குற்றத்துக்கு 1930, குழந்தைகளுக்கு 1098, பள்ளி தொடர்பானவற்றுக்கு 14417. ஆபாசமாக மாற்றப்பட்ட படம் பரவாமல் தடுக்க ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை உண்டு. படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. நம் போனிலேயே அதற்கு ஓர் எண்ரேகை (கைரேகை போல அந்தப் படத்தை அடையாளம் காட்டும் குறியீடு) உருவாகி, அது மட்டும்தான் போகும்.

பள்ளியின் இணையப் பக்கத்திலிருந்து படம் எடுக்கப்பட்டிருந்தால் தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றதற்கு முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மூலப் பதிவு, அதைப் பகிர்ந்த ஆசிரியர்களின் பதிவுகள், கூகுள் டிரைவ் ஆல்பம், ஸ்டுடியோவில் உள்ள நகல் என நான்கு இடத்தையும் கடிதத்திலேயே பெயர் சொல்லிக் கேளுங்கள். பொதுவாக ‘நீக்கவும்’ என்று எழுதினால் முதலாவதை மட்டும் நீக்கிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள்.