குளிர் போகட்டும், ஈரத்தைக் கவனியுங்கள்: மலையில் மாடு வைத்திருப்பவர்களுக்கு

புதிதாக மாடு வாங்குகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, இந்தக் குளிர் மாட்டுக்குத் தாங்குமா?" என்றுதான். தாங்கும். பிரீசியனும் ஜேர்சியும் குளிர்நாட்டு மாடுகள். எங்கள் நுவரெலியாப் பக்கத்து அக்கரப்பத்தனைக் குளிரில் நடுங்குவது நாம்தான். மாட்டைக் கெடுப்பது ஈரம். இன்னொன்றும் இருக்கிறது: மழை லீற்றரைக் கூட்டிக் கொழுப்பைக் குறைக்கும், வறட்சி லீற்றரையே குறைக்கும். பால் எடுக்கிறவர்கள் கொழுப்பைப் பார்த்து விலை போடுவதால் இரண்டு பக்கமும் அடி நமக்குத்தான். அதனால் ஒரு காலத்தின் வேலையை அதற்கு முந்திய காலத்திலேயே முடித்துவிட வேண்டும்.

மே மாதம் தென்மேற்கு மழை பிடித்தால் செப்டெம்பர் வரை லேசில் விடாது. ஏப்ரலிலேயே பட்டிக்குள் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். எங்கே தேங்குகிறதோ அங்கேதான் மாட்டின் குளம்பு அழுகும். அந்த இடத்தைச் சீமெந்து போட்டுச் சரிவாக்கிவிடுங்கள். சாரல் அடிக்கும் பக்கத்தை உரப்பை தைத்து மறைக்கலாம், ஆனால் நாலு பக்கமும் மூடிவிடாதீர்கள். கன்றின் உயரத்துக்குக் குந்தி ஒரு நிமிடம் இருங்கள். மூத்திர வாடையில் உங்கள் கண் எரிந்தால் மேலே காற்றுக்கு வழி விட வேண்டும்.

மழைப் புல் பச்சையாகத் தளதளவென்றிருக்கும், உள்ளே பாதிக்கு மேல் தண்ணீர். இன்று அறுத்ததைக் கூரைக்குக் கீழே பரப்பி, வாடியபின் நாளைக்குப் போடுங்கள். வெறும் வயிற்றில் ஈரப்புல்லை அள்ளித் தின்றால் வயிறு உப்பும். இடது பக்க விலாவுக்குப் பின்னால் தட்டிப் பார்த்து மத்தளம் போலச் சத்தம் கேட்டால் தாமதிக்காமல் மாட்டு டொக்டரைக் கூப்பிடுங்கள். ஓடையில் தண்ணீர் குடிக்கிற மாட்டின் மூக்கில் அட்டை ஏறுவதும் இந்தக் காலத்தில்தான். மாட்டுக்குக் கொஞ்ச நேரம் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்து, பிறகு மூக்கருகே வாளியைக் காட்டினால் அட்டை தானாக எட்டிப் பார்க்கும். சாம்பல் தொட்ட துணியால் பிடித்து இழுக்கலாம். வெறுங்கையில் வழுக்கும்.

மடிநோய்க்கும் ஈரந்தான் வாசல். கறக்குமுன் ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு மூன்று பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். தயிர்த் துணுக்கு மாதிரி ஏதாவது தெரிந்தால் அந்தப் பாலை வாளியில் சேர்க்கக் கூடாது. கறந்து முடித்ததும் காம்பை அயடின் மருந்தில் முக்கி, முன்னால் புல் போட்டு அரை மணி நேரமாவது மாட்டை நிற்க வையுங்கள். கறந்த உடனே காம்பின் துளை திறந்தேயிருக்கும். உடனே படுத்தால் சாணிக் கிருமி நேராக உள்ளே போகும். ஊசி போட்டால் டொக்டர் சொன்ன நாள் வரை பாலை விற்காதீர்கள்.

மழை விட்டு விட்டுப் பெய்கிற நாட்களில் புல் மிஞ்சும். பலர் அதை முத்தவிட்டு வீணாக்குகிறார்கள். பார்க்க எனக்கு வயிறெரியும். அதைப் பீப்பாயில் அடைத்துப் புளிக்கவைத்தால் வறட்சிக்கு உதவும். சீ.ஓ.3 என்கிற தீவனப் புல்லைத் தண்டு முத்துமுன் அறுத்து, அரை நாள் வாடவிட்டு, ஒரு அங்குலத் துண்டாக நறுக்குங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் இன்னும் வாட வேண்டும். கையைத் திறந்ததும் படாரென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. உருண்டையாக நின்று மெதுவாக விரிந்தால் அதுதான் பதம். 100 கிலோ புல்லுக்கு 3 கிலோ அளவில் கரும்புக் கழிவுப்பாகைத் தண்ணீரில் கரைத்துத் தெளியுங்கள். அது கிடைக்காவிட்டால் சிவப்புச் சீனிக் கரைசலும் சரி. நீல பீப்பாயில் அரை அடிக்கு ஒரு தரம் போட்டு, ஏறி நின்று மிதியுங்கள். எங்கள் வீட்டில் இது பிள்ளைகளின் வேலை, ஆசையோடு செய்வார்கள். உள்ளே காற்று நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். மூடியைப் பொலித்தீனோடு இறுக்கிக் கட்டி, ஆறு வாரம் திறக்காமல் விடுங்கள்.

ஜனவரி, பெப்ரவரியில் அம்பேவல, நுவரெலியா பக்கப் பள்ளங்களில் விடியற்காலையில் புல்லின்மேல் வெள்ளையாகப் பனி உறைந்திருக்கும். வெயில் ஏறி அது கரையும்வரை மாட்டை மேய விடாதீர்கள். பனி சுட்ட புல் சில நாளில் கருகிவிடும். தேயிலைச் செடியை வேரோடு பிடுங்கிய மலைகளில் மண் ஆறுவதற்கு நடுகிற குவாத்தமாலா புல் கொஞ்சம் கைகொடுக்கும், தோட்டத்தில் கேட்டுவிட்டு அறுங்கள். கன்றுக்கு மட்டும் குளிர் ஆகாது. பிறந்ததும் சாக்கால் நன்றாகத் துடைத்து, முதல் இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்துவிடுங்கள்.

சினைக்கு ஊசி போடுவதை மார்கழியில் வைத்துக்கொண்டால் புரட்டாசியில் கன்று விழும், அப்போது புல்லும் இருக்கும். காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலையே ஊசி. கன்று போட இரண்டு மாதம் இருக்கும்போது கறவையை நிறுத்திவிடுங்கள்.

புல் அடைத்த பீப்பாயைத் திறக்கும்போது புளித்த பழ வாசனை வர வேண்டும். அழுகல் நாற்றமோ பூஞ்சணமோ தெரிந்தால் அந்தப் பகுதியை எருக்குழியில் கொட்டுங்கள், கரட், லீக்ஸ் பாத்திக்காவது உதவும். நல்ல புல்லைப் பால் கறந்தபிறகே மாட்டுக்குப் போடுங்கள். முன்னால் போட்டால் அந்த வாசனை பாலில் ஏறி, பால் லொறிக்காரர் கேனைத் திறந்ததுமே முகம் சுளிப்பார்.