ஃபுட்பால்ல கோல்கீப்பரா ஆடின பொண்ணு கோச் ஆகணும்னா

ரிட்டயர் ஆனப்புறம் பாத்துக்கலாம்னு மட்டும் இருக்காதீங்க, ஆடுறப்பவே லைசென்ஸ் கோர்ஸ்ல சேர்ந்துடுங்க. சி, பி, ஏ, ப்ரோன்னு படிப்படியா போகணும், கீப்பர் கோச்சுக்குன்னு தனி கோர்ஸும் இருக்கு, ஆனா அத மட்டும் முடிச்சா ஹெட் கோச் ஆக முடியாது, அதனால ரெண்டு பக்கமும் படிச்சு வைங்க.

நாடீன் ஆங்கரர பாருங்க, 2007 பெண்கள் உலகக் கோப்பைல ஜெர்மனிக்காக ஒரு கோல்கூட விடல, ஃபைனல்ல பிரேசில் ஸ்டார் மார்ட்டாவோட பெனால்டியையே தடுத்தாங்க, 2015ல ஆட்டத்த முடிச்சதும் அமெரிக்காவோட போர்ட்லேண்ட் தார்ன்ஸ் கிளப்ல கீப்பர் கோச் ஆயிட்டாங்க.

கீப்பருக்கு, எல்லாருக்கும் பின்னாடி நின்னு முழு கிரவுண்டயும் பாத்த கண்ணு இருக்கு, அதான் பெரிய பலம். மேட்ச் வீடியோவ எடுத்து உங்க டிஃபென்ஸ் லைன் எங்க நிக்குது, பந்து போனதும் நடுவுல யாரு காலியா இருக்காங்கன்னு நோட்டுல எழுதிப் பழகுங்க. அட்டாக் டிரெயினிங்தான் நமக்கு வீக், அந்த செஷன்ல அசிஸ்டன்ட்டா நின்னு கத்துக்கணும், வேற வழியே இல்ல.

சின்னப் பொண்ணுங்களுக்கு சொல்லிக் குடுக்குறப்ப எடுத்தவுடனே டைவ் வேணாம். கால் நகர்த்துறது, பந்த பிடிக்கிறது, அப்புறம் முட்டி போட்டு விழப் பழகுறது, கடைசியாத்தான் நின்ன நெலையில இருந்து டைவ். கோல் போஸ்ட் 7.32 மீட்டர் அகலம், 2.44 உயரம், பத்து வயசு பொண்ண அதுல நிறுத்தி மேல போற பந்துக்கெல்லாம் திட்டுறது ரொம்ப தப்புங்க, சின்ன போஸ்ட் வைங்க.

பாஸிங்கயும் விட்டுடாதீங்க. 1992ல பேக்பாஸ் ரூல் (சொந்த டீம் ஆளு வேணும்னே காலால குடுத்த பந்த கீப்பர் கையால தொடக்கூடாது) வந்ததுல இருந்து கீப்பருக்கு காலும் முக்கியம். 2025ல இருந்து எட்டு செகண்டுக்கு மேல கையில வச்சிருந்தா எதிரணிக்கு கார்னர், அதனால பிடிச்சதும் யாருக்கு போடணும்னு தினமும் பழக்குங்க.

கோல் விட்ட பொண்ணுகிட்ட அந்த நிமிஷமே தப்ப விளக்காதீங்க, மறுநாள் வீடியோவோட உக்காந்து பேசுங்க.